ஜெய் சிங்கின் கல் கருவிகள்: தில்லியிலிருந்து காசி வரை

நாள் 1, பிப்ரவரி 10: தில்லி

இந்தப் பயணத்துக்குப் பையில் வேண்டியவை நான்கு: நொடி காட்டும் கடிகாரம் (போன் போதும்), ஒரு முழம் கறுப்புத் தையல் நூல், உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை, ஓர் அளவுகோல். தொலைநோக்கி வேண்டாம். பார்க்கப்போவது வெறுங்கண் வானியலின் கடைசிப் பெரும் முயற்சியை.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வடக்கே பனிமூட்டம். பத்து மணிவரை நிழலே விழாத நாட்கள் வரும். ஏப்ரலுக்கு மேல் வெயில் ஆளைக் கொல்லும்.

படேல் சவுக் மெட்ரோவில் இறங்கினால் ஜந்தர் மந்தர் நடக்கும் தூரம்தான். ஆமேர் அரசர் சவாய் ஜெய் சிங் (1688–1743) கட்டிய ஐந்து வான் ஆய்வகங்களில் இது முதலாவது, சுமார் 1724. முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரில் அவர் வெளியிட்ட ‘சிஜ்-இ முகம்மது ஷாஹி’ என்ற கோள் அட்டவணை நூலின் முன்னுரையே இந்தக் கட்டடங்களுக்கு விளக்கம் தருகிறது. பித்தளைக் கருவிகளைத்தான் முதலில் செய்து பார்த்திருக்கிறார். அளவு சிறிது, அதனால் கோடுகளைப் போதுமான அளவு நுணுக்கமாகப் பிரிக்க முடியவில்லை. அச்சு தேய்ந்து ஆடுகிறது. வட்டத்தின் மையம் நகர்கிறது. ஆகவே தேயாத, ஆடாத, பெரிய கருவிகள் வேண்டும் என்று கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனார்.

இந்த வாதம் எந்த இடம் வரை சரி, எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்த வாரம்.

தில்லியின் சாம்ராட் யந்திரம், அதாவது பெரிய நிழற்கடிகாரம், 68 அடி உயரம். இதில் இன்று மணி பார்க்க முடியாது. பாதிக் கருவி பள்ளத்துக்குள் இருக்கிறது. பழைய படங்களில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அளவுக்கோடுகள் அழிந்துவிட்டன, பழுதுபார்த்தவர்கள் பூசிய பூச்சு கோடுகளைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சுற்றிலும் எழுந்த மாடிக் கட்டடங்கள் அடிவானத்தை மறைத்துவிட்டன. ஆனால் வடிவியலைச் சரிபார்க்கலாம். கிழக்கு அல்லது மேற்குப் பக்கமாகத் தள்ளி நின்று, போனில் சாய்வுமானியைத் திறந்து, அதன் விளிம்பை நடுச் சுவரின் சரிவோடு ஒத்துப் பிடியுங்கள். 28½ பாகையை ஒட்டி வரும். அது தில்லியின் அட்சரேகை. சரிவு வட துருவத்தைப் பார்க்க வேண்டும் என்பதால், ஊர் மாறினால் சரிவும் மாறும். வரும் நாட்களில் ஒவ்வோர் ஊரிலும் இதைச் செய்து பாருங்கள்.

சூரியனின் உயரத்தையும் திசையையும் அளக்கும் ராம யந்திரம் இரண்டு வட்டக் கட்டடங்கள். நடுவில் தூண், சுற்றிலும் சுவர். சுவரின் உயரமும், தூணிலிருந்து சுவர் வரையான தூரமும் ஒன்றே. அதனால் சூரியன் 45 பாகைக்குக் கீழே இருந்தால் தூண் உச்சியின் நிழல் சுவரில் ஏறும், மேலே போனால் தரைக்கு இறங்கிவிடும். தரை 30 ஆப்புத் துண்டுகளாக வெட்டப்பட்டு, இடையிடையே ஆள் நடக்க வழி விடப்பட்டிருக்கிறது. வழியில் விழும் நிழலை எப்படி அளப்பது? அதற்குத்தான் இரண்டாவது கட்டடம். ஒன்றில் இடைவெளி உள்ள இடத்தில் மற்றதில் கல் இருக்கும்.

பல கருவிகளை ஒன்றாகச் சேர்த்த மிஸ்ர யந்திரத்தின் அருகில் வழிகாட்டிகள், இது கிரீனிச்சிலும் ஜூரிச்சிலும் நண்பகல் ஆவதைக் காட்டும் என்பார்கள். அரைவட்டங்கள் தூரத்து ஊர்களின் நண்பகலைக் குறிப்பது வடிவியல்படி சரிதான். ஆனால் கிரீனிச் உலகத்துக்குப் பொது நடுவரை (தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் கோடு) ஆனது 1884-இல். ஊர்ப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியதாகக் கொள்வதே நல்லது. அந்தக் கட்டடத்தின் வடக்குச் சுவர் செங்குத்திலிருந்து 5 பாகை சாய்ந்திருப்பதைத் தவறவிடாதீர்கள்: தில்லியின் 28½-இலிருந்து கடகரேகையின் 23½ போக மீதி 5.

நாள் 2, பிப்ரவரி 11: ஜெய்ப்பூர்

ஜெய்ப்பூர் நகரம் 1727-இல் தொடங்கியது. ஆய்வகம் 1728-க்கும் 1734-க்கும் இடையில். அரண்மனையை ஒட்டியே இருக்கிறது. 1901-02-இல் காரெட் என்ற ஆங்கில அதிகாரியும் பண்டிதர் சந்திரதர் குலேரியும் சேர்ந்து புதுப்பித்தார்கள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கே கருவிகள் வேலை செய்கின்றன.

சாம்ராட் யந்திரத்தின் உயரம் சுமார் 27 மீட்டர். இருபுறமும் விரியும், மணிக்கோடுகள் வெட்டிய கால்வட்டங்களின் ஆரம் ஏறக்குறைய 15 மீட்டர். காலையில் நிழல் மேற்குக் கால்வட்டத்தின் உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும். நண்பகலில் அடிவாரத்துக்கு வந்து, பிறகு கிழக்குக் கால்வட்டத்தில் ஏறும். மணிக்கு 4 மீட்டர், நிமிடத்துக்கு 6½ செ.மீ., நொடிக்கு 1 மி.மீ. சற்றுக் கூட. நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மிகச் சிறிய கோடு 2 நொடிக்கு ஒன்று.

படிக்கும் முறை இது.

முதலில் கல் காட்டும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஜெய்ப்பூரின் சொந்தச் சூரிய மணி. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் 75 பாகை 49 கலை (60 கலை ஒரு பாகை). வித்தியாசம் 6 பாகை 41 கலை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 26 நிமிடம் 44 நொடி. இதைக் கூட்ட வேண்டும். அடுத்தது நாளுக்கு நாள் மாறும் திருத்தம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு; ஆகவே சூரியன் கடிகாரத்துக்குச் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி 11-ஐ ஒட்டி அது ஏறக்குறைய 14 நிமிடம் 13 நொடி பிந்துகிறது, அதையும் கூட்டுங்கள். மொத்தம் 41 நிமிடம். இன்று கல்லில் 12 ஆகும்போது போனில் 12.41. நவம்பர் 3 வாக்கில் வந்தால் சூரியன் 16 நிமிடத்துக்கு மேல் முந்தியிருக்கும், மொத்தத் திருத்தம் 10 நிமிடம்தான். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி இரண்டாவது திருத்தமே கிடையாது. ‘கருவி அரை மணி தப்பு’ என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

இனிதான் சிக்கல். கால்வட்டத்தின் அருகே குனிந்து பார்த்தால் நிழலுக்கு விளிம்பே இல்லை. கருப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகி வெளிச்சத்தில் கரைகிறது. அந்த மங்கல் பட்டையின் அகலம் சுமார் 14 செ.மீ. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. தட்டு முழுவதும் சுவருக்குப் பின்னால் மறைய 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. 2 நொடிக் கோடு போட்ட கருவியில் 2 நிமிட மங்கல்!

பக்கத்திலேயே சிறிய சாம்ராட் ஒன்று இருக்கிறது, 20 நொடிக் கோடுகளோடு. அதிலும் மங்கல் அதே 2 நிமிடம்தான். கருவியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் கோட்டின் இடைவெளியும் பத்து மடங்கு, மங்கலும் பத்து மடங்கு. பித்தளையின் தேய்மானத்தை வென்ற கல், சூரியனின் அகலத்தை வெல்லவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. நூலை இரு கையிலும் இழுத்துப் பிடித்து, அளவுக்கோட்டுக்கு இணையாக, கல்லுக்கு 1 செ.மீ. மேலே வையுங்கள். வெளிச்சப் பகுதியில் நூலின் நிழல் கூர்மையாக விழும். மெல்ல மங்கலுக்குள் நகர்த்திக்கொண்டே போங்கள். நூலின் நிழல் காணாமல் போகும் இடம், சூரியத் தட்டின் கடைசிக் கீற்றும் மறையும் இடம். அங்கே படியுங்கள். தட்டின் மையத்துக்கு வர, காலையில் 1 நிமிடம் கழிக்க வேண்டும். பிற்பகலில் 1 நிமிடம் கூட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் 1 நிமிடம் 4 நொடிக்குக் கிட்டத்தில். கை நடுங்கினால் பயனில்லை. மூன்று முறை படித்துச் சராசரி எடுங்கள். இப்படிச் செய்தால்தான் 15 மீட்டர் ஆரம் செலவுக்குத் தகுந்த பலன் தருகிறது. வேலி மறிக்கும் இடங்களில் சிறிய சாம்ராட்டில் பழகிக்கொள்ளலாம்.

ஜெய் பிரகாஷ் யந்திரம் தரையில் பதித்த இரண்டு கிண்ணங்கள், குறுக்களவு 5.4 மீட்டர். குறுக்கே கட்டிய கம்பிகள் நடுவில் ஒரு வளையத்தைத் தாங்குகின்றன. கிண்ணத்தின் விளிம்பு அடிவானம், உள்பரப்பு தலைகீழான வானம். வளையத்தின் நிழல் விழும் இடம் சூரியனின் இடம். கிண்ண வடிவ நிழற்கடிகாரம் பழையது, பாபிலோனியரான பெரோசஸ் பெயரில் ரோமானியர்கள் அதைக் குறித்திருக்கிறார்கள். ஜெய் சிங் செய்த புதுமை, கிண்ணத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளை உள்ளே இறக்கியது. இரவில் வெட்டிய வழியில் இறங்கி, பளிங்கின் ஓரத்தில் கண்ணை வைத்து, வளையம் வழியாக நட்சத்திரத்தைப் பிடிக்கலாம். இங்கே தப்பு வருவது கம்பியால். வெயிலில் கம்பி தளர்ந்து வளையம் 1 செ.மீ. நகர்ந்தாலே 13 கலை பிழை. கல் அசையவில்லை, கம்பி அசைந்துவிட்டது.

நாள் 3, பிப்ரவரி 12: ஜெய்ப்பூர், மீண்டும்

ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறவர்கள் ராசி வளையத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு சிறிய சாம்ராட்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையிலும் சரிவிலும். இவற்றின் சரிவு வட துருவத்தை நோக்குவதில்லை. சூரிய வீதியின் (ஓர் ஆண்டில் நட்சத்திரங்களிடையே சூரியன் செல்லும் பாதை) துருவத்தை நோக்குகிறது. அந்தத் துருவம் ஒரு நாளில் வட துருவத்தைச் சுற்றி வருவதால், நிலையாக நிற்கும் கல் ஒரு நாளில் ஒரே ஒரு கணம்தான் அதை நோக்கும்: அந்த ராசியின் தொடக்கம் உச்சிவட்டத்தை (தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் கோடு) கடக்கும் கணம். கடகத்துக்கான கல் கிட்டத்தட்டப் படுத்திருக்கும் (26 பாகை 55 கலையிலிருந்து 23½ போக சுமார் 3½ பாகை). மகரத்துக்கானது இரண்டையும் கூட்டி 50 பாகைக்கு மேல் நிமிர்ந்திருக்கும்.

இன்று சூரியனைப் படிக்கத் தோதானது மீனத்துக்கான கல். போனில் 1.10 வாக்கில் மீனத்தின் தொடக்கம் உச்சிக்கு வருகிறது. பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். கணம் தவறினால் அன்றைய நாள் போயிற்று. அப்போது சூரியனின் இடம் சுமார் 323 பாகை, அதாவது கும்பத்தில் 23. கையில் நம் பஞ்சாங்கம் இருந்தால் அதில் இன்னும் தை மாதம், சூரியன் மகரத்தின் கடைசியில். இரண்டும் சரி. ஜெய் சிங்கின் கல் சம இரவுப் புள்ளியிலிருந்து (பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் இடம்) எண்ணுகிறது, அதாவது சாயனம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களிலிருந்து எண்ணுகிறது, நிராயனம். இடையில் உள்ள 24 பாகைதான் அயனாம்சம். பஞ்சாங்கத்தில் ஒரு எண்ணாக மட்டும் பார்த்த அயனாம்சம் இங்கே கல்லில் தெரிகிறது.

நாடி வளையம் வடக்கும் தெற்கும் பார்த்து மணி காட்டும் இரண்டு வட்டத் தட்டுகள். மார்ச் 21 முதல் செப்டம்பர் 22 வாக்கில் வரை வடக்குத் தட்டில்தான் வெயில். இப்போது தெற்குத் தட்டில். தெற்கில் நிழல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கடிகை என்று எழுதியிருப்பது நம் நாழிகைதான், 24 நிமிடம்.

யந்திர ராஜம் என்பது சுமார் 2.4 மீட்டர் அகலமுள்ள ஆஸ்ட்ரோலேப், வானத்தின் படத்தைத் தட்டில் வரைந்த கருவி. கிரேக்கத்தில் பிறந்து, அரபு நாடுகளில் வளர்ந்து இந்தியா வந்த கருவி. தில்லியில் பிரோஸ் ஷா துக்ளக் அவையில் இருந்த சமண அறிஞர் மகேந்திர சூரி 1370-இல் இதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் நூல் எழுதினார், தலைப்பே ‘யந்திரராஜ’.

எங்கள் கணக்கில் இந்த வளாகத்தின் சிறந்த கருவி பெரிய சாம்ராட் அல்ல. அதைத் தாங்கும் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஷஷ்டாம்ச யந்திரம். பார்வையாளர்களுக்கு எப்போதும் திறந்திருப்பதில்லை. நுழைவாயிலிலேயே கேட்டுப் பாருங்கள். இருட்டறை. மேலே சிறு துளை. கீழே 60 பாகை வளைவு, ஆரம் சுமார் 8.65 மீட்டர். நண்பகலில் துளை வழியாக வரும் வெளிச்சம் வளைவில் சூரியனின் படத்தையே வரைகிறது, 8 செ.மீ. வட்டமாக. சாம்ராட்டில் எதிரியாக இருந்த சூரியனின் அகலம் இங்கே வேலைக்காரனாகிவிடுகிறது. வட்டத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தனித்தனியே படித்துப் பாதியாக்கினால் மையம் கிடைக்கும். விளிம்பு மங்குவது துளையின் அகலம் அளவுக்கு மட்டுமே. 1 கலைக்கு 2½ மி.மீ. வெள்ளை அட்டையை வளைவின் மீது வைத்தால் படம் இன்னும் தெளியும். இன்று படம் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 41 பாகையில் விழ வேண்டும்.

சூரிய வீதியின் சாய்வை அளப்பதும் இப்படித்தான். ஜூன் 21, டிசம்பர் 21 நண்பகல்களில் படத்தைக் குறித்து, இடைவெளியைப் பாதியாக்கினால் முடிந்தது. ஜெய் சிங்கின் விடை 23 பாகை 28 கலை. அந்தக் காலத்து உண்மை மதிப்போடு கலை சுத்தமாக ஒத்துப்போகிறது. இந்த உத்தியின் தாய்வீடு சாமர்கண்ட். அந்த ஊரை ஆண்ட உலுக் பேக் 1420-களில் அங்கே 40 மீட்டர் ஆரமுள்ள வளைவு கட்டினார். மண்ணுக்குள் புதைந்த அதன் அடிப்பகுதி 1908-இல் அகப்பட்டது. இத்தாலியில் வானியலாளர் காசினி 1655-இல் போலோன்யாவின் சான் பெத்ரோனியோ தேவாலயக் கூரையில் ஒரு துளை போட்டு இதையே செய்தார். பெரிய சாம்ராட்டைப் போலவே அந்தத் துளையின் உயரமும் 27 மீட்டர்!

நாள் 4, பிப்ரவரி 13: ரயில்

கோட்டா வழியாக நாக்டா. அங்கிருந்து உஜ்ஜயினி 55 கி.மீ. ஐந்தாவது ஆய்வகம் இருந்த மதுராவுக்குப் போக வேண்டியதில்லை, 1857-க்கு முன்பே இடிந்து போய்விட்டது.

பார்க்க ஒன்றும் இல்லாத நாள் என்பதால் நட்சத்திரப் பட்டியல் கணக்கு ஒன்று. கிரேக்க வானியலாளர் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் பட்டியல் போட்டார். 964-இல் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி அதை எடுத்து எல்லா நட்சத்திரத்துக்கும் 12 பாகை 42 கலை கூட்டினார், சம இரவுப் புள்ளி நகர்ந்ததற்காக. உலுக் பேக்கின் ஆட்கள் 1437-இல் முடித்த பட்டியலில் 1018 நட்சத்திரங்கள், பெரும்பாலும் புதிதாக அளந்தவை. ஜெய் சிங்கின் பட்டியல்? உலுக் பேக்குடையதே, 4 பாகை 8 கலை கூட்டி. 70 ஆண்டுக்கு 1 பாகை என்று 288 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான் வரும். இத்தனை கல்லைக் கட்டியவர் நட்சத்திரங்களை அளக்கவில்லை என்பதுதான் வலிக்கிறது. அதே 1725-இல் லண்டனில் கிரீனிச் வானியலாளர் பிளாம்ஸ்டீடின் பட்டியல் வெளிவந்தது. தொலைநோக்கி பொருத்திய கருவிகளால் அளந்த கிட்டத்தட்ட 3000 நட்சத்திரங்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஜகந்நாத சாம்ராட் என்ற பண்டிதரைக் கொண்டு தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்டையும் யூக்ளிடின் வடிவியலையும் அரபியிலிருந்து சமஸ்கிருதமாக்கினார். பிகெரெடோ என்ற யேசு சபைப் பாதிரியாரைப் போர்ச்சுகலுக்கு அனுப்பி, பிரெஞ்சுக்காரர் தெ லா ஹீரின் அட்டவணைகளை வரவழைத்தார். ஒப்பிட்டுப் பார்த்து, அதில் சந்திரனின் இடம் அரைப் பாகை தப்புகிறது என்று எழுதிவைத்தார். அந்த ஒப்பீட்டுக்கு இந்தக் கல் போதுமாயிருந்தது.

கருவியே இல்லாமல் கணக்கால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்துச் சான்று ஒன்று உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, 1769-இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, காத்திருந்த நாட்களில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களால் போடும் கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளம் அதில் 41 நொடி குறைவாக வந்தது. ஐரோப்பாவின் சிறந்த சந்திர அட்டவணையான மேயருடையதில் 68 நொடி கூடுதலாக வந்தது.

நாள் 5, பிப்ரவரி 14: உஜ்ஜயினி

கிரீனிச்சுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே நடுவரை இங்கே ஓடியது. சித்தாந்தங்கள் எனப்படும் பழைய வானியல் நூல்களின் தீர்க்கரேகைக் கணக்கு இலங்கை, உஜ்ஜயினி, மேரு என்ற கோட்டிலிருந்து தொடங்குகிறது. (அந்த இலங்கை நாம் அறிந்த தீவு அல்ல, நிலநடுக்கோட்டில் கற்பித்துக்கொண்ட புள்ளி.) வானியலாளர் வராகமிகிரர் இந்த அவந்தி நாட்டுக்காரர். 505-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட அவருடைய பஞ்ச சித்தாந்திகா ஐந்து மரபுகளைச் சுருக்கித் தருகிறது. அவற்றில் ரோமக சித்தாந்தத்தின் ஆண்டு 365 நாள் 5 மணி 55 நிமிடம் 12 நொடி. இது கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸின் எண்ணேதான். கடல் வணிகத்தோடு கணக்கும் வந்திருக்கிறது.

ஆய்வகத்தை இங்கே ‘வேத சாலா’ என்கிறார்கள். நம்முடைய வேதம் அல்ல. ‘வேத’ என்றால் துளைத்தல், குறிபார்த்தல். குவாலியர் அரசர் மாதவராவ் சிந்தியா 1923-இல் புதுப்பித்தார். 1942 முதல் இங்கிருந்து ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியாகிறது. கூட்டம் குறைவு, நூல் பிடித்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. சாம்ராட் சிறியது, கோடுகள் தெளிவு. சரிவு 23 பாகையைச் சற்றே தாண்டும். தீர்க்கரேகை ஜெய்ப்பூருக்கு மேற்கே வெறும் 3 கலை, நேரக் கணக்கில் 12 நொடி. அதனால் ஜெய்ப்பூரில் போட்ட 41 நிமிடத் திருத்தத்தை அப்படியே இங்கும் கூட்டலாம்.

கடகரேகை இந்த ஊருக்கு வடக்கே 16 கலை தள்ளி ஓடுகிறது. ஆகவே ஜூன் 12, ஜூன் 30-ஐ ஒட்டி நண்பகலில் சங்கு யந்திரக் குச்சிக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட நாட்களில் நிழல் தெற்கே ஒரு கடுகளவு விழும். ஆனால் அது மழை வரும் காலம். நிழலில்லா நாள் பார்க்க வருகிறவர்களுக்கு முதல் தேதியே பாதுகாப்பு.

நாள் 7, பிப்ரவரி 16: காசி

நேற்று முழுவதும் ரயிலிலேயே போயிற்று.

தசாசுவமேத படித்துறையை ஒட்டியது மான் மந்திர். ராஜா மான் சிங் 1600 வாக்கில் கட்டிய மாளிகையின் மொட்டை மாடியில் ஜெய் சிங் கருவிகளை ஏற்றினார். இடமும் குறைவு, பாரமும் தாங்காது. ஆகவே எல்லாம் சிறியவை. 1772-இல் இதைப் பார்த்த ராபர்ட் பார்க்கர், 1777-இல் படங்களோடு லண்டனில் கட்டுரை வெளியிட்டார். லண்டன் இந்தக் கருவிகளைப் படங்களில் பார்த்தது ஜெய்ப்பூர் வழியாக அல்ல, இந்த மாடி வழியாகத்தான். அவர் அதை அக்பர் காலத்தது என்று நினைத்துவிட்டார்.

நதியிலிருந்து எழும் பனி கலையப் பத்தரை மணி ஆகும். பதினொன்றுக்குப் போய் ஒன்று வரை இருங்கள். காசி 83 பாகை. இந்திய நேரக் கோட்டுக்குக் கிழக்கே வந்துவிட்டதால் முதல் திருத்தம் இங்கே கழித்தல், 2 நிமிடம். இரண்டாவது அதே 14 நிமிடம் கூட்டல். சாம்ராட்டின் நிழல் 12.12-க்கு மேற்குக் கால்வட்டத்திலிருந்து கிழக்குக்கு மாற வேண்டும். மாறியது. ஆனால் எந்த நொடியில் என்று சொல்ல முடியவில்லை. மாடி உயரத்தில் காற்று அடித்துக்கொண்டேயிருக்க, நூல் நிற்கவில்லை. இந்த மாடிக்கு மட்டும் நூலுக்குப் பதில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி எடுத்துச் செல்லுங்கள்.